பரிசுத்தத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும்

கம்பளையிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் உள்ள கிறிஸ்தவ சபைகளில் பரிசுத்த வாழ்வைப் பற்றிப் பேசாத ஞாயிறு அபூர்வம். பிரசங்கங்களில் வரும் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றுதான்: குடிக்காதே, புகைக்காதே, சூதாடாதே, தீய சேர்க்கையை விடு, ஜெபத்தை விடாதே. இவற்றில் எதையும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் பட்டியல் இத்தோடு முடிந்துவிட்டது என்று நம்பத் தொடங்கும்போது பரிசுத்தம் தனிமனித ஒழுக்கமாகச் சுருங்கிவிடுகிறது. விசுவாசி சோதிக்கப்படுகிறான், சபை சோதிக்கப்படுவதில்லை. கிறிஸ்தவ வேதம் சபைக்கு இந்த விதிவிலக்கைக் கொடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு சபை பரிசுத்தமானதா என்பதை அதன் பந்தியிலும், அதன் கணக்குப் புத்தகத்திலும், அங்கே ஒருவர் கொண்டுவரும் முறைப்பாட்டுக்குக் கிடைக்கும் பதிலிலும் பார்க்க வேண்டும்.

பரிசுத்தத்தைப் பற்றிய போதனைக்கு அடிப்படையாகக் காட்டப்படும் பகுதிகளில் முக்கியமானது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். பரிசுத்தராயிருங்கள் என்ற கட்டளை அங்கே தனி ஆளுக்கு இடப்பட்டதன்று, இஸ்ரவேல் சபை முழுவதற்கும் இடப்பட்டது. விக்கிரகம் கூடாது, ஓய்வுநாளைக் காக்க வேண்டும் என்பவற்றோடு அங்கே வேறு பலவும் வருகின்றன. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட வேண்டும். கூலியாளின் கூலி விடியும்வரை முதலாளியிடம் இருக்கக் கூடாது. நியாயம் விசாரிக்கும்போது முகதாட்சிணியம் பார்க்கக் கூடாது. தராசும் படிக்கல்லும் சரியாக இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. கொழுந்து நிறுக்குமிடத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பது தொழிலாளரின் நெடுநாள் மனக்குறை. அன்றைக்குரிய கிலோ நிறையாவிட்டால் முழு நாட்சம்பளமான முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். இரண்டு கிலோ கழிவு ஒரு பெண்ணின் பாதி நாளைத் தின்றுவிடக்கூடும். தராசைப் பார்ப்பவரும் கொழுந்தைக் கொட்டுபவரும் ஞாயிறன்று ஒரே ஆராதனையில் அமரக்கூடிய ஊர்கள் இவை. அங்கே பரிசுத்தத்தைப் பிரசங்கித்துவிட்டுத் தராசைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது, வேதத்தின் அந்த அதிகாரத்தில் பாதியைக் கிழித்துவிட்டுப் படிப்பதற்குச் சமம்.

புதிய ஏற்பாடு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. எருசலேம் சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பு உபதேசத்தைப் பற்றியதன்று. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்பதே அது. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பங்கீட்டைக் கவனிக்க ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, உழைத்துக் களைத்துப் பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். அதைக் கண்ட பவுல், அவர்கள் உண்டது கர்த்தரின் பந்தியே ஆகாது என்று தீர்ப்பளித்தார். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனமும் கந்தைக்காரனுக்குத் தரையும் காட்டிய சபையை யாக்கோபு கண்டித்தார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்பதிலிருந்து பேதுரு விலகிக்கொண்டபோது, பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். பந்தி, பங்கீடு, முறைப்பாடு என்ற மூன்றும் அப்போஸ்தலர் காலத்திலேயே பரிசுத்தத்தின் சோதனைக் களங்களாக இருந்தன.

தமிழ்க் கிறிஸ்தவத்தின் சொந்த வரலாறும் இந்தச் சோதனைக்குத் தப்பியதன்று. 1833இல் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன், தென்னிந்தியத் திருச்சபைகளில் சாதி வேறுபாட்டை முற்றாகக் கைவிட வேண்டுமென்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று வெளியேறினார்கள். அவர்களில் பலர் ஒழுக்கத்திலும் பக்தியிலும் குறைவற்றவர்கள், தலைமுறைகளாக ஜெபமும் ஞானப்பாட்டும் வளர்த்த குடும்பத்தினர். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் அருந்துவது மட்டும்தான் அவர்களுக்கு முடியாமற்போனது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்துக்குள் இரு சாதியாரைப் பிரிக்கச் சுவரே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதிவாரி இடத்தை உரிமையாக நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆலயத்துக்குள் இருந்த சுவருக்கு எதிரான நியாயத்தை சபைக்கு வெளியேயுள்ள நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இது பழங்கதையுமன்று. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் வெடித்த மோதலில், பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள்.

தனிமனித பரிசுத்தம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அது மட்டும் போதாது என்பதற்கு நம் காலத்தின் மிகக் கொடிய சாட்சி ருவாண்டா. 1930களில் அந்நாட்டின் கஹினியில் தொடங்கிய எழுப்புதல் கிழக்கு ஆபிரிக்கா முழுவதும் பரவியது. பாவ அறிக்கை, குடியை விடுதல், திருடியதைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். அறுபது ஆண்டுகளில், மக்களில் பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்களாக இருந்த அந்நாட்டில், 1994இல் நூறு நாட்களுக்குள் சுமார் எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். நியாமட்டா, ந்தராமா ஆலயங்களுக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் அங்கேயே வெட்டப்பட்டார்கள். எழுப்புதலில் வந்தவர்களில் சிலர் இனப்பிரிவினைக்கு இணங்க மறுத்து உயிரையும் கொடுத்தார்கள். அதை மறக்கக் கூடாது. ஆனால் மதுவைப் பாவமென்று கற்பித்த அளவுக்கு இனவெறியைப் பாவமென்று சபை கற்பிக்கவில்லை. 1977இலும் 1983இலும் அண்டை வீட்டார் அண்டை வீட்டாருக்கு எதிராகத் திரும்பியதைக் கண்ட மலையகத்துக்கு, இது தூர தேசத்துச் செய்தியாகப் படக் கூடாது.

நம் பகுதியின் திருச்சபை வரலாற்றில் இரு வழிகளும் உண்டு. 1854இல் கண்டியில் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோட்டத் துரைமாரின் நன்கொடையோடு வளர்ந்தது. உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து வாசிக்கவும் ஜெபிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்தறிவுக்கு அவர்கள் ஆற்றிய பணியை எவரும் மறுக்க முடியாது. ஆனால் துரையின் காசில் நடக்கும் ஊழியம் துரையின் சம்பளப் புத்தகத்தைக் கேள்வி கேட்பது எளிதல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. ஒரே ஆலயத்தில் வாக்குள்ளவரும் வாக்கற்றவரும் அருகருகே முழங்காலிட்டார்கள். அதைச் சபையின் உடலில் பட்ட காயமாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய ‘சத்தியோதயம்’, சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வாழ்ந்து பணிசெய்யும் களமாகி, தோட்ட மக்களின் உரிமையைத் தன் கடமையாக்கிக் கொண்டது. பக்தியோடு அயலாரின் உரிமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன் உள்ள உதாரணம் அது.

இங்கே முதல் எதிர்வாதம் எழும், அது நியாயமானதும்கூட. லயத்தில் ஒரு குடும்பத்தைச் சிதைப்பது தத்துவமன்று, சாராயமும் கசிப்பும்தான். குடியை விட்ட தகப்பன் வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, அடுப்பு எரிகிறது, அடி நிற்கிறது. சமூக நீதி பேசிய எந்தச் சங்கத்தையும்விட, குடியை விடச் சொன்ன சின்னஞ்சிறு ஜெபக் கூட்டங்கள் அதிகக் குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன என்று பலர் சொல்வார்கள். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தகப்பன் குடியை விட்டது எப்படி என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தனியாக மனவுறுதி எடுத்து விட்டவர்கள் சிலரே. சம்பள நாளில் கூடவே நடந்துவந்த ஒரு சகோதரன், வட்டிக்கடனில் மூழ்கியபோது சபையில் யாரோ நீட்டிய கை, மீண்டும் விழுந்தபோது கதவைச் சாத்தாத ஒரு கூட்டம் ஆகியவற்றால்தான் பெரும்பாலானோர் மீள்கிறார்கள். தனிமனிதப் பரிசுத்தத்தின் வெற்றிக் கதைகளே அதைச் சாத்தியமாக்கிய கூட்டு வாழ்வுக்குச் சாட்சி சொல்கின்றன. நுண்கடன் தவணைக்காகக் கம்பனிக்காரர் வாசலில் வந்து நிற்கும் பெண்ணிடம் ‘விசுவாசத்தோடு இருங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பும் சபை, குடியை நிறுத்திய கூட்டத்துக்கு வாரிசாக முடியாது.

பணமும் பரிசுத்தமும் ஒன்றையொன்று எப்படித் தொடும் என்பதை மெதடிஸ்த வரலாறு நன்றாகக் காட்டும். 1742இல் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கடனை அடைக்க ஒரு யோசனை வந்தது: அங்கத்தவர்களைப் பன்னிருவர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பது, கொடுக்க முடியாதவருக்குத் தலைவரே கொடுப்பது. பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வீட்டு நிலைமையை நேரில் பார்த்தார்கள்: யார் நோயில் கிடக்கிறார், யார் வேலையிழந்தார், யார் மீண்டும் குடியில் விழுந்தார். கடன் வசூல் மேய்ப்புப் பணியாக மாறியது. பரிசுத்தம் கூட்டத்துக்கு வெளியே வளராது என்று மெதடிஸ்த இயக்கத்தின் நிறுவுநர் ஜோன் வெஸ்லி சொன்னதற்கு இந்த வகுப்புகளே செயல்வடிவம். 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிஷனரிமார் இந்த மரபைத்தான் கையோடு கொண்டுவந்தார்கள். காசு வாங்கப் போன வீட்டில் கஷ்டத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதே அதன் சாரம். இன்று காணிக்கை உறை ஆலயத்துக்கு வந்து சேர்கிறது; வீட்டு நிலைமை வந்து சேர்வதில்லை.

அந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு நாளின் தசமபாகம் 135 ரூபா. கொழுந்து குறைந்த மாதத்தில் இருபது பேர் விழுந்தாலே பெரிது. அப்போதும் 2700 ரூபாவைத் தேவனுக்கென்று எடுத்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. அரிசிக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் போக வேண்டிய காசு அது. இப்படிப்பட்ட காசை வாங்கும் சபை அதற்குச் சதம் சதமாகக் கணக்குக் காட்டுவது நிருவாக நுணுக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று, பரிசுத்தத்தின் பாகம். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியே எடுத்துச் செல்லவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களை உடன் அழைத்துப் போனார். தேவன் முன்னால் மட்டுமல்ல, மனிதர் முன்னாலும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அப்போஸ்தலருக்கே சாட்சி தேவைப்பட்டதென்றால், வரவையும் செலவையும் ஒரே கையில் வைத்திருக்கும் போதகருக்கு விலக்கு எங்கிருந்து வந்தது?

‘பரிசுத்தம் கிருபையால் வருவது, கணக்கால் வருவதன்று’ என்று இரண்டாம் எதிர்வாதக்காரர் சொல்வார். உண்மை, கணக்கு எவரையும் பரிசுத்தராக்காது. ஆனால் கிருபை வந்து சேர்ந்ததை அது காட்டிக்கொடுக்கும். சகேயுவின் கதையில் இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்ததாக இயேசு அறிவிப்பதற்கு முன், சகேயு சொன்னவை எல்லாம் கணக்கு: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாகத் திரும்பும். கண்ணீர் வடித்ததாகவோ அபிஷேகம் பெற்றதாகவோ லூக்கா எழுதவில்லை. சபையை ஒரு தொண்டு நிறுவனமாக்கும் பேச்சு இது என்று கருதுபவர்கள் அந்த அதிகாரத்தை மறுபடி வாசிக்கலாம்.

மூன்றாம் எதிர்வாதம் இந்த நாட்டின் நிலைமையிலிருந்து வருவது, ஆகவே கனமானது. கிறிஸ்தவர்கள் இங்கே நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. மதமாற்றத் தடைச் சட்டமூலம், ஜெபக்கூடங்களின் மீதான தாக்குதல், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு என்று அடிமேல் அடி வாங்கிய சமூகம் தன் வீட்டுக் குறையைச் சந்தியில் பேசலாமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு இங்கிலாந்துத் திருச்சபை கொடுத்த விலையே பதில். சட்டத்தரணி ஜோன் ஸ்மித் என்பவர் 1970களிலும் 80களிலும் கிறிஸ்தவ முகாம்களில் சந்தித்த பையன்களை, பாவத்துக்கு மனந்திரும்புதல் என்ற பெயரிலேயே இரத்தம் வரப் பிரம்பால் அடித்தார். 1982இலேயே சபைப் பொறுப்பிலிருந்த சிலருக்கு அது எழுத்தில் தெரிந்தது. ஊழியத்தின் பெயர் கெடக் கூடாதென்று பொலிசுக்குப் போகவில்லை. ஸ்மித் சிம்பாப்வேக்குப் போய் அங்கும் அதையே தொடர்ந்தார். 2024 நவம்பரில் மேக்கின் விசாரணை அறிக்கை இந்த மறைப்பை விரிவாக எடுத்துக்காட்டியபோது கன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலக நேர்ந்தது. கண்டிப் பகுதியின் அங்கிலிக்கன் சபைகளுக்கு இது அந்நிய விவகாரமன்று. இலங்கைத் திருச்சபையின் இரு மறைமாவட்டங்களுக்கும் தலைமைப் பேராயர், கன்டர்பரி பேராயர் பதவியில் இருப்பவரே. பரிசுத்தத்தின் பெயராலேயே கொடுமை நடந்தது, பரிசுத்தத்தின் நற்பெயருக்காகவே அது மறைக்கப்பட்டது. பல்லாண்டு மௌனம் எந்த நற்பெயரையும் காப்பாற்றவில்லை.

மத்தேயு 18 வகுத்த வழி இதற்கு நேர்மாறானது. முதலில் தனியே பேசு, பிறகு இரண்டொரு சாட்சிகளோடு, அதன்பின் சபைக்குச் சொல். இதன் முதற்படியை மட்டும் பிடித்துக்கொண்டு, தீங்கு செய்தவரைத் தனியே போய்ப் பார் என்று பாதிக்கப்பட்ட பெண்ணையோ பிள்ளையையோ அனுப்புவது அந்தப் பகுதியையே திரிப்பதாகும். அதே அதிகாரம் சிறியவர்களுக்கு இடறலாகிறவர்களைப் பற்றிய மிகக் கடுமையான எச்சரிக்கையையும் கொண்டிருக்கிறது. குற்றமென்று சட்டம் சொல்வது பொலிசுக்குப் போக வேண்டும். பல சபைகளில் ஒழுங்கு நடவடிக்கை கீழ்நோக்கியே பாய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மணமாகுமுன் கருவுற்ற பெண் திருவிருந்திலிருந்து விலக்கப்படுகிறாள். கொடும் வட்டிக்குக் கொடுக்கும் மூப்பர் காணிக்கைத் தட்டு ஏந்துகிறார். முகதாட்சிணியம் இல்லாத நியாயம் இல்லையென்றால் ஒழுங்கு நடவடிக்கை என்பது எளியவரை மேலும் அழுத்தும் கருவிதான்.

இதைப் பொதுப் பத்திரிகையில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. கம்பளையில் விகாரை, கோவில், பள்ளிவாசல், ஆலயம் நான்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இங்குள்ள அம்பகமுவ வீதியில் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கையில் மேளம் முழங்கலாமா என்ற தகராறு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1915 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் கலவரம் மூண்டது. சமயங்கள் வீதியில் தங்கள் பெருமையை நிலைநாட்ட முயன்றபோது விளைந்ததை இந்த ஊர் அறியும். ஆகவே ஒரு சமயம் தன் வீட்டுக்குள் தன்னை எப்படி நடத்திக்கொள்கிறது என்பது அயலாருக்கும் உரிய கேள்வி. தன் பலவீனரை நியாயமாக நடத்தும் சமூகத்தை அண்டை வீட்டார் நம்புவார்கள். அந்த நம்பிக்கை எந்தச் சட்டப் பாதுகாப்பையும்விட நீண்டு நிற்கும்.

செய்யக்கூடியவை எட்டாத காரியங்களல்ல. ஆண்டுக்கொரு முறை தணிக்கை செய்த கணக்கைத் தமிழில் வாசித்துக் கேள்விக்கு இடம் கொடுக்கலாம். முறைப்பாடுகளைக் கேட்கப் போதகருக்குக் கட்டுப்படாத இருவரை, அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக, நியமிக்கலாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று தனித்தனி ஆராதனை நடக்கும் நகரச் சபைகளில் அவரவர் தாய்மொழியில் தொழுவது சரியே. ஆனால் திருவிருந்தும் நிருவாகக் குழுவும் பொதுவாக இருக்க வேண்டும், தோட்டத்துத் தமிழருக்கு அங்கே பின்வரிசை போதாது. இது நடக்கக்கூடியது என்பதற்குப் பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இலங்கை இறையியற் கல்லூரி அத்தாட்சி. வெவ்வேறு சபைகளின் சிங்கள, தமிழ் மாணவர்கள் அங்கே ஒரே வளாகத்தில் வாழ்ந்து ஊழியத்துக்குத் தயாராகிறார்கள். அங்கே பழகியதை ஊர்ச் சபையிலும் தொடர்வது அங்கிருந்து வெளிவருபவர்களின் பொறுப்பு.

நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலிருந்தே தொடங்கும் என்பது பேதுருவின் நிருபத்தில் உள்ள போதனை. அந்த வீட்டுக்குள்ளும் அது கடைசி வாங்கிலிருந்து தொடங்கக் கூடாது. மேடையிலிருந்தும் கமிட்டி மேசையிலிருந்தும் தொடங்க வேண்டும். பரிசுத்தத்தைப் பிரசங்கிப்பவர்கள் முதலில் தங்கள் கணக்கையும், பந்தி வரிசையையும், நிலுவையிலுள்ள முறைப்பாடுகளையும் சபையின் முன் வைக்கட்டும். அதற்குத் தயாரில்லாத சபை, குடிகாரத் தகப்பனைத் திருந்தச் சொல்லும் தகுதியை இனிமேல்தான் சம்பாதிக்க வேண்டும்.